ஒரு கையெழுத்தின் செலவு



வழக்கு என்று ஒன்று வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் எதற்கெல்லாம் பணம் வேண்டியிருக்கும் என்பது நம்மில் பலருக்கு ஓரளவு தெரியும். வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும். அவருடைய குமாஸ்தாவுக்குக் கொடுக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு, வாய்தா தோறும் பஸ் கட்டணம், நண்பகல் சாப்பாடு என்று அது நீண்டுகொண்டே போகும். ஆனால் சாட்சிக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம் மனம் திடுக்கிடும். காசு வாங்கிக்கொண்டு சாட்சி சொல்பவன் என்பது நம் ஊர்களில் ஒரு வசைச்சொல். அப்படியிருக்க, நானே ஒரு சாட்சிக்கு 70,500 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். ரசீதும் பெற்றுக்கொண்டேன். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. சட்டமே அனுமதிக்கும் செலவுதான் அது. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். சொல்வதற்கு எளிதான கதை அல்ல. ஏனெனில் அதில் என் தவறுதான் பெரிது.

எங்கள் அத்தா 2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மவுத்தானார்கள். அம்மா அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார்கள். அண்ணன், அக்கா, நான், தங்கை என நாங்கள் நால்வர். சொத்து என்று பார்த்தால் கடைவீதியில் அடுத்தடுத்து இரண்டு கடைகளும், அவற்றின் மேலே ஒரு வீடும்தான். கடைகளில் ஒன்றில் அண்ணன் இரும்புச் சாமான் வியாபாரம் செய்து வந்தார். மற்றொன்று ஒரு தையற்காரருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. மேல்வீட்டில் அத்தாவும் அண்ணன் குடும்பமும் இருந்தார்கள். ஷரீஅத் முறைப்படி பார்த்தால் கணக்கு மிக எளிது. ஆறு பங்காக்கி ஆண்மக்களுக்கு இவ்விரண்டு, பெண்மக்களுக்கு ஒவ்வொன்று. பேசி முடிக்க அரைமணி நேரம் போதும் என்று நினைத்திருந்தோம்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் ஒரு காகிதத்தை எடுத்து வந்து காட்டினார். வெள்ளைத் தாளில் எழுதப்பட்ட ஹிபா. இரண்டு கடைகளையும் வீட்டையும் மூத்த மகனுக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டதாக அத்தா சொல்வதுபோல் எழுதி, கீழே அத்தாவின் கையெழுத்து இருந்தது. தேதி, 2011 ஜூன். சாட்சிகள் இருவர். ஒருவர் அதற்குள் மவுத்தாகியிருந்தார். மற்றவர் அண்ணனுடைய மைத்துனர்.

‘வெள்ளைத் தாளில் எழுதினால் செல்லுமா? முத்திரைத் தாள் வேண்டாமா? பதிவு வேண்டாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அதைத்தான் கேட்டோம். முஸ்லிம்களின் ஹிபாவுக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு விலக்களிக்கிறது. கொடுப்பவர் அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், சொத்தைக் கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் வாய்மொழி ஹிபாவும் செல்லும். அதைத் தாளில் எழுதி வைத்தாலும் பதிவு கட்டாயம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ஹஃபீஸா பீபி வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. நமக்கு வசதியான சலுகைதான். ஆனால் பதிவாளர் முன்னிலையில் நின்று கைரேகை வைக்காத ஒரு காகிதத்தில், ‘இது என் தகப்பனாரின் கையெழுத்து’ என்று ஒருவரும், ‘இல்லை’ என்று மற்றொருவரும் சொல்லத் தொடங்கினால் அந்தச் சலுகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

அந்தக் கையெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில், “இது அத்தா போட்டது அல்ல” என்று சொன்னவன் நான்தான். அத்தாவின் கையெழுத்து எங்கள் நால்வருக்கும் மனப்பாடம். பெயரின் கடைசி எழுத்தான ‘ன்’ என்பதன் மேல் புள்ளி வைக்க மாட்டார்கள். பேனாவை எடுக்காமலே வாலை மேல்நோக்கி வளைத்து இழுத்துவிடுவார்கள். இந்தத் தாளிலோ வாலும் இல்லை, வளைவும் இல்லை. எழுத்துகள் நடுங்கிக்கொண்டு கீழே சரிந்து கிடந்தன. ஜமாஅத்தில் இரண்டு முறை பேசினார்கள். முடியவில்லை. 2016இல் அக்கா, தங்கை, நான் ஆகிய மூவரும் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தோம். ‘பிரதிவாதி போலியாகக் கையெழுத்திட்டு உருவாக்கிய ஆவணம்’ என்ற வாசகத்தைப் பிராதில் சேர்க்கும்படி வக்கீலிடம் வற்புறுத்தியவனும் நான்தான். “அந்தச் சொல் இல்லாமலே வழக்கை நடத்தலாமே” என்றார் அவர். நான் கேட்கவில்லை.

போலி என்று சொன்னவர் அதைக் காட்ட வேண்டுமல்லவா? இங்கேதான் நிபுணர் வருகிறார்.

சாதாரணச் சாட்சி தான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்லலாம். தன் அபிப்பிராயத்தைச் சொல்லப் பொதுவாக அவருக்கு இடமில்லை. அபிப்பிராயம் சொல்ல அனுமதிக்கப்படுபவர்களுள் முக்கியமானவர் நிபுணர். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இது 45ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 39ஆம் பிரிவு. கையெழுத்துகளை நீதிபதியே ஒப்பிட்டுப் பார்க்கவும் சட்டத்தில் இடம் உண்டு. எனினும், நிபுணர் துணையின்றி நீதிமன்றமே ஒப்பிட்டு முடிவுக்கு வரத் தயங்க வேண்டும் என்று நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற திருவேங்கடம் பிள்ளை வழக்கில் 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த வழக்கு ஒரு பெருவிரல் ரேகையைப் பற்றியது.

வக்கீல் எங்களுக்கு இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, நீதிமன்றத்தில் மனுப் போட்டு, ஆவணத்தைச் சென்னையிலுள்ள அரசுத் தடய அறிவியல் துறைக்கு அனுப்பச் செய்வது. அதற்குக் கட்டணம் குறைவு; ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மற்றொன்று, தனியார் நிபுணரை நாமே அமர்த்திக்கொள்வது. விரைவாக முடியும், செலவு நம்முடையது. வழக்குப் போட்டு அதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. எனக்கோ அண்ணன் செய்தது போலி என்பதை ஊரறிய நிரூபித்துவிட வேண்டும் என்ற அவசரம். இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

பணத்துக்கு எங்கே போவது? நான் அப்போது ஓர் உதவிபெறும் பள்ளியில் ஆசிரியன். மகளின் படிப்புக்கு ஏற்கனவே கடன் வாங்கியிருந்தேன். தங்கை வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து வேலை இழந்து திரும்பியிருந்தார். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அக்கா வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, அக்கா எழுந்து உள்ளே போய்ச் சோப்பு நுரை படிந்த கையோடு வந்தார்கள். இரண்டு வளையல்களை என் மடியில் வைத்தார்கள். இரண்டும் சேர்ந்து மூன்று பவுன். “அக்கா, இதேபோலச் செய்து உங்கள் கையில் போட்டுவிடுகிறேன்” என்றேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்றதில் 68,000 ரூபாய் கிடைத்தது. இது 2018ஆம் ஆண்டில்.

சென்னையில் நான் சந்தித்த நிபுணர், அரசு ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முதல் மாடியில் சிறிய அறை, மேசை மேல் ஒரு நுண்ணோக்கி, சுவரோரம் கோப்புகள். நான் வழக்கைச் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். “யார் வாதி, யார் பிரதிவாதி என்பது எனக்கு வேண்டாம். எந்தத் தாளைப் பார்க்க வேண்டும், எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்” என்றார். பிறகு கட்டணத்தைச் சொன்னார். ஆய்வு செய்து அறிக்கை தர 30,000 ரூபாய். நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்ல நாளொன்றுக்கு 12,000. போக்குவரத்தும் தங்கும் செலவும் தனி. ஆய்வுக் கட்டணம் முழுவதையும் முன்னதாகவே கட்டிவிட வேண்டும்.

முன்பணம் என்றதும் எனக்குச் சற்றுச் சுருக்கென்றது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொன்னார்: “அறிக்கை உங்களுக்குப் பாதகமாக வந்தால் நீங்கள் பணம் தர மாட்டீர்கள். சாதகமாக வந்தால், சாதகமாக எழுதியதற்காகத் தந்தது போலாகிவிடும். இரண்டும் எனக்கு வேண்டாம். என் நேரத்துக்கும் வேலைக்கும்தான் கூலி. முடிவுக்கு விலை இல்லை.”

வெளியே வந்து படியிறங்கும்போது, ‘எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்’ என்று எண்ணிக்கொண்டேன். என் பணத்தை வாங்கிக்கொண்டவர் என் பக்கம்தான் எழுதுவார் என்ற நம்பிக்கை என் உள்ளத்தின் அடியில் இருந்தது. இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஐயமற்ற கையெழுத்துகள் வேண்டும். ஒளிநகல் உதவாது, பேனாவின் அழுத்தமும், அது தாளைவிட்டு எழும்பிய இடமும் நகலில் தெரியா. மூலமே வேண்டும். அதுவும், ஐயத்துக்குரிய கையெழுத்தின் தேதிக்கு அருகிலுள்ளவையாக இருப்பது நல்லது. மனிதனின் கையெழுத்து அவனோடு சேர்ந்து மூப்படைகிறது என்றார் அவர். அத்தாவின் கையெழுத்துகளைத் தேடி நான் அலைந்த அலைச்சலை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். வங்கியில் பணம் எடுத்த சீட்டுகள் சில கிடைத்தன. தையற்காரரிடம் கேட்டபோது, ஓர் இரும்புக் கம்பியில் குத்தி வைத்திருந்த வாடகை ரசீதுகளை அப்படியே கழற்றிக் கொடுத்தார். தங்கையின் நிக்காஹ் 2009இல் நடந்தது. அதில் வலீ என்ற முறையில் அத்தா பள்ளிவாசல் தஃப்தரில் கையொப்பமிட்டிருந்தார்கள். அண்ணன் மகளின் நிக்காஹ் 2013இல் நடந்தபோது அதே தஃப்தரில் சாட்சியாகக் கையொப்பமிட்டிருந்தார்கள். தஃப்தரை வெளியே கொடுக்கும் வழக்கமில்லை என்று ஜமாஅத்தார் தயங்கினார்கள். அது நியாயமான தயக்கம். நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை பெற்ற பின், மோதினார் அதைப் பச்சைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ஆட்டோ கட்டணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

இந்த 2009, 2013 என்ற இரண்டு தேதிகளுக்கும் இடையில் ஒன்று நடந்திருந்தது. 2012 ஜனவரியில் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. ஆறு மாதத்தில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். கையும் ஓரளவு திரும்பியது. அந்த ஆறு மாதமும் அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் அண்ணனும் மதினியும். நான் மாதம் ஒருமுறை பழங்கள் வாங்கிக்கொண்டு போய்வந்தேன். இந்த உண்மையைப் பிராதில் நாங்கள் எழுதவில்லை.

நிபுணர் நீதிமன்றத்துக்கு வந்து, அலுவலர் முன்னிலையில், அந்த ஹிபாத் தாளையும் தஃப்தரையும் மற்றவற்றையும் பல கோணங்களில் ஒளி பாய்ச்சிப் படமெடுத்துக்கொண்டு போனார். அந்தப் பயணத்துக்கு 4,500 ரூபாய். ஐந்து வாரத்தில் அறிக்கை வந்தது. தபாலைப் பிரிக்கும்போது என் கை நடுங்கியது. இரண்டு முறை படித்தேன். அறிக்கையின் முடிவு, அது அத்தாவின் கையெழுத்துத்தான் என்பது.

வாசகர்களே, அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? ‘அல்லாஹ்வே, அண்ணனை அநியாயமாகப் பழித்துவிட்டேனே’ என்பது அல்ல. ‘30,000 ரூபாய் போய்விட்டதே’ என்பதுதான்.

அறிக்கையில் இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது. அந்தக் கையெழுத்து 2009, 2010, 2011ஆம் ஆண்டுகளின் கையெழுத்துகளோடு ஒத்துப்போகவில்லை. 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உள்ளவற்றோடுதான் ஒத்துப்போகிறது என்று எழுதியிருந்தார். தொலைபேசியில் கேட்டபோது விளக்கினார். போலி செய்கிறவன் எழுதுவதில்லை, வரைகிறான். ஆகவே மெதுவாகப் போகிறான். கோடு முழுவதும் ஒரே மாதிரியான நடுக்கம் இருக்கும். தேவையற்ற இடத்தில் நின்று நின்று போகும். நோயுற்ற கையின் நடுக்கம் வேறு. அது சில இடங்களில் தடுமாறும்; பழகிய வளைவு வந்ததும் பழைய வேகத்தோடு ஓடிவிடும். அத்தா பக்கவாதத்துக்குப் பின் கடைசி எழுத்துக்கு முன்னால் பேனாவைத் தூக்கி, கையைச் சற்று இளைப்பாற்றி, பிறகு அதை எழுதியிருக்கிறார்கள். வால் இழுக்கும் பழக்கம் போய்ப் புள்ளி வைக்கும் பழக்கம் வந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டுத் தஃப்தரில் அதே இடைவெளி. ஹிபாத் தாளிலும் அதே இடைவெளி. “2011 என்று தேதியிட்டுப் போலி செய்கிறவன் 2011ஆம் ஆண்டுக் கையெழுத்தைத்தானே பார்த்து வரைவான்? யாருக்கும் தெரியாத இந்தப் புதிய வழக்கத்தை எப்படி வரைவான்?” என்றார். மையின் வயதைச் சோதித்துத் தேதியைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். தம்மால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றும், அதற்காகப் பணம் செலவிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

வக்கீல் அறிக்கையைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. “பாதி நமக்குப் பாதகம், பாதி சாதகம். இதைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடவும் நமக்கு உரிமை உண்டு. வேண்டுமானால் வேறொரு நிபுணரைப் பார்க்கலாம்” என்றார். நிபுணர்கள் கருத்து வேறுபடுவது நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. கையெழுத்து நிபுணரின் கருத்தைத் தனியாக நம்பவே கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனால் எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்று முராரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதையும் சொன்னார். வேறொரு நிபுணர் என்றால் இன்னுமொரு 30,000. நான் அதற்கும் துணிந்துவிட்டேன். தங்கையின் கம்மல்கள் என் நினைவுக்கு வந்தன.

தடுத்தவர்கள் அக்காதான். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்கள். அறிக்கையை நான் வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அத்தா போட்ட கையெழுத்தை அத்தா போடவில்லை என்று சொல்ல இன்னொருவனைத் தேடப் போகிறாயா? அதற்கா என் வளையல்?” என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. பெற்றோருக்கோ உறவினருக்கோ நமக்கோ எதிராக இருந்தாலும் சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது திருமறையின் கட்டளை என்பதைப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அறிக்கை முழுவதும் தாக்கலாயிற்று.

அதன் பிறகு சாட்சியம். சாட்சியை அழைப்பவர் அவருடைய படியை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். நிபுணராக இருந்தால் அவர் செலவிடும் நேரத்துக்கும், செய்த ஆய்வு வேலைக்கும் நியாயமான ஊதியத்தை நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் கட்டளை, 2ஆம் விதி சொல்கிறது. ஏட்டில் இப்படி. நடைமுறையில் எங்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 2019இல் முதல் நாள் அவர் இரவு ரயிலில் வந்து சேர்ந்தார், நீதிபதி விடுப்பு. இரண்டாம் முறை வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் வேறொரு வழக்கில் இருப்பதாகச் சொல்லி வாய்தா வாங்கினார். வந்தவருக்குச் செலவு கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அந்த இரண்டு நாள்களுக்கும் பாதிக் கட்டணம் போதும் என்று பெருந்தன்மையாக 6,000 வீதம் பெற்றுக்கொண்டார். மூன்றாம் முறைதான் கூண்டில் ஏறினார். முழுக் கட்டணம் 12,000. மூன்று பயணங்களுக்கும் சேர்த்துப் போக்குவரத்தும் தங்கும் செலவும் 12,000. நிபுணர் அமர்த்துவது பற்றி யாராவது உங்களிடம் தொகை சொன்னால், அறிக்கைக்கான தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். எங்களுக்கு வீண் நாள்கள் மட்டுமே இருபதாயிரம் தின்றன. நிபுணர் வரும் நாளை இரு தரப்பு வக்கீல்களும் முன்கூட்டியே பேசி நீதிபதியின் முன் உறுதி செய்துகொண்டிருந்தால் அதில் ஒரு பகுதியேனும் மிஞ்சியிருக்கும்.

குறுக்கு விசாரணையின் முதற்கேள்வியே, “இந்தச் சாட்சியத்துக்காக வாதிகளிடம் எவ்வளவு பணம் வாங்கினீர்கள்?” என்பதுதான். அவர் தொகையை ரூபாய் கணக்கோடு சொன்னார். “பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்குச் சாதகமாகச் சொல்கிறீர்கள்” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். “கையெழுத்து உண்மையானது என்று நான் சொன்னது அவர்களுக்குச் சாதகமா?” என்று நிபுணர் திரும்பக் கேட்டார். நீதிபதி மேலே போகச் சொன்னார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் அருகில் வந்து நின்றார். ஐந்து ஆண்டுகளில் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. “தேதி நான் போட்டதுதான்டா. கையெழுத்து அத்தா போட்டது.” மரணப் படுக்கையில் ஒரு வாரிசுக்குக் கொடுத்த கொடை மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் செல்லாது என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஆகவே நோய்க்கு முந்தைய தேதியைப் போட்டிருக்கிறார். அதற்கு அவசியமே இருக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் நீடித்து, உடனே உயிர் போய்விடும் என்ற அச்சமில்லாத நோயைச் சாதாரணமாக மரணநோய் என்று கொள்வதில்லை. அத்தாவோ கையொப்பமிட்ட பின்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தார்கள். உண்மைத் தேதியைப் போட்டிருந்தால் அந்தக் காகிதத்தின் மீது எங்களுக்கே அந்த அளவு சந்தேகம் வந்திருக்காது.

அப்படியானால் அத்தா மனமார எல்லாவற்றையும் அண்ணனுக்கே கொடுக்க விரும்பினார்களா? தம்மைத் தாங்கிய மகனுக்கு நன்றியாகவா? எனக்கு விடை கிடைக்கவில்லை. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தகப்பனார், பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் கொடை கொடுத்துவிட்டு அதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, அண்ணலார் அதற்குச் சாட்சியாக மறுத்துவிட்டார்கள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அத்தா தொழுகை தவறாதவர்கள். ஜும்ஆ பயான்களில் அந்த ஹதீஸைப் பலமுறை கேட்டிருப்பார்கள். இருந்தும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். நோயும் நன்றியும் மனிதனை என்னென்ன செய்விக்கும் என்பதை நானே அறுபதை நெருங்கும்போதுதான் கொஞ்சம் புரிந்துகொள்கிறேன்.

இனி என் தவறுக்கு வருகிறேன். நிபுணர் சாட்சியம் முடிந்து சில வாரங்களில், எங்கள் வக்கீலிடம் இளையவராகச் சேர்ந்திருந்த ஒரு பெண் வக்கீல் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். தையற்காரர் கம்பியிலிருந்து கழற்றித் தந்த ரசீதுகளைக் கையில் எடுத்து, “ஐயா, இவற்றைக் கையெழுத்துக்காக மட்டுமா கொடுத்தீர்கள்? மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லையா?” என்று கேட்டார். 2014 செப்டம்பர் வரை ஒவ்வொரு மாதமும், ‘எனக்குச் சொந்தமான கடைக்கு வாடகை பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி அத்தா கையொப்பமிட்டிருந்தார்கள். ஹிபா நிறைவேற வேண்டுமானால் சொத்து கைமாற வேண்டும். கொடுத்துவிட்டதாகச் சொல்லப்படும் கடைக்குக் கடைசிவரை தாமே உரிமையாளராக நின்று வாடகை வாங்கியவர் எதை ஒப்படைத்தார்? கையெழுத்து உண்மையாகவே இருந்தாலும், தேதி சரியாகவே இருந்தாலும், இந்தக் கேள்விக்கு அண்ணன் தரப்பில் விடை இல்லை.

அந்த ரசீதுகள் தொடக்கம் முதலே எங்கள் கையில் இருந்தன. அவற்றைக் காட்ட நிபுணர் தேவையில்லை. தையற்காரர் ஒருவர் வந்து சொன்னால் போதும். அவருக்கு ஆகும் படி சில நூறு ரூபாய். நிபுணர் தம் வேலையைக் குறைவின்றிச் செய்தார். அவர் மீது எனக்குக் குறையில்லை. நான் அவரிடம் கொண்டுபோன கேள்விதான் வழக்குக்கு வேண்டாத கேள்வி. பங்கு கிடைப்பதைவிட, அண்ணனைப் பொய்யன் என்று ஒரு மூன்றாம் மனிதரின் வாயால் சொல்ல வைப்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. பிராதில் அந்தச் சொல் வேண்டாம் என்று வக்கீல் முதலிலேயே சொன்னது இதனால்தான் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கொரோனாவால் 2020இல் வாய்தாக்கள் நின்றுபோயின. 2022இல் மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாக முடித்துக்கொண்டோம். ஒரு கடை அண்ணனுக்கு, தையற்கடை அக்காவுக்கும் தங்கைக்கும், மேல்வீடு எனக்கு. சற்றேறக்குறைய ஷரீஅத் பங்குதான். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடு கிடையாது. நிபுணருக்குக் கொடுத்தது திரும்பாது. அவரவர் செலவு அவரவருக்கு என்றே எழுதிக் கையொப்பமிட்டோம். அண்ணன் இன்னும் மேல்வீட்டில்தான் இருக்கிறார். வாடகை கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிராதில் எழுதிய ‘போலி’ என்ற சொல் நீதிமன்றப் பதிவறையில் இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை.

வளையல் கணக்கு மீதி இருக்கிறது. வழக்கு முடிந்ததும் அக்காவிடம் 68,000 ரூபாயைக் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு செய்தேன். ‘அது போதும்’ என்றுதான் அக்கா சொன்னார்கள். ஆனால் எனக்கு உறுத்தலாக இருந்தது. நான் வாங்கியது ரூபாயா, தங்கமா? எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அக்கா வளையலைத் தந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

‘இதேபோலச் செய்து உங்கள் கையில் போட்டுவிடுகிறேன்’ என்று சொன்னதைச் சொன்னேன். “அப்படியானால் தங்கம்தான்” என்றார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று சூரத்துல் பகராவின் மிக நீண்ட வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அக்காவும் நானும் எதையும் எழுதவில்லை. அந்த வாக்கியத்துக்கு அக்காவைத் தவிர வேறு சாட்சி இல்லை. அக்காவோ தாம் எதுவும் கேட்கவில்லை என்று சாதிக்கிறார்கள்.

2023இல் ஒரு வளையல் செய்து போட்டேன். ஒன்றரைப் பவுனுக்குக் கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், முன்பு இரண்டு வளையலும் விற்ற தொகையைத் தாண்டிவிட்டது. அதன் பின் தங்கம் எங்கே போயிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வூதியத்தில் மாதம் 3,000 ரூபாய் எடுத்து நகைக்கடைச் சீட்டில் கட்டி வருகிறேன். அக்கா அந்த ஒற்றை வளையலைப் போட்டுக்கொள்வதில்லை. இரண்டும் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பீரோவில் வைத்திருக்கிறார்கள்.